கர்ப்பப்பையை எடுத்த பிறகு ஹார்மோன் மாத்திரை: எந்தப் பயம் யாருக்கு?

போன மாதம் திருச்சியிலிருந்து அக்கா போன் செய்தாள். பள்ளிக்கூட ஆசிரியை. வயது 44. மூன்று வருடங்களுக்கு முன், 41-வது வயதில், அவளுக்குக் கர்ப்பப்பையை எடுத்தார்கள். ஃபைப்ராய்டு கட்டி, மாதத்தில் பதினைந்து நாள் ரத்தப்போக்கு, ஹீமோகுளோபின் 7-க்கு இறங்கிவிட்டது. வேறு வழி இருந்ததா இல்லையா என்பது இப்போது பழைய கதை.

"டேய், இந்த டாக்டரம்மா ஏதோ ஈஸ்ட்ரோஜன் மாத்திரை எழுதிக் கொடுத்திருக்காங்க. உள்ள இருக்கிற சீட்டைப் படிச்சேன். மார்பகப் புற்றுநோய், மாரடைப்பு, பக்கவாதம்னு வரிசையா போட்டிருக்கு. மாத்திரையை அப்படியே பீரோவுல வெச்சுட்டேன். நீதான் எல்லாத்தையும் நோண்டிப் பாப்பியே, இதைக் கொஞ்சம் பாரு."

நான் மருத்துவன் இல்லை. பி.இ. படித்துவிட்டு இருபது வருடமாக மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவன். ஒரு பிழை வந்தால் முதலில் லாக் ஃபைலைத் தேடுவது தொழில்பழக்கம். அதே மாதிரி இரண்டு வாரம் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து மூல ஆய்வுக் கட்டுரைகளைப் படித்தேன். படித்ததில் புரிந்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். இதை வைத்து யாரும் மாத்திரையை ஆரம்பிக்கவும் வேண்டாம், நிறுத்தவும் வேண்டாம். உங்கள் மருத்துவரிடம் சரியான கேள்வியைக் கேட்க இது உதவினால் போதும்.

முதல் கேள்வி: எதை எடுத்தார்கள்?

அக்காவிடம் நான் கேட்ட முதல் கேள்வி இதுதான். "கர்ப்பப்பையைத்தான்" என்றாள். "ஓவரி இருக்கா?" என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "தெரியலடா. எல்லாத்தையும் எடுத்துட்டோம்னு சொன்னாங்க."

டிஸ்சார்ஜ் சம்மரியைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். அதில் ஒரே வரி: டி.ஏ.ஹெச். வித் பி.எஸ்.ஓ. முதல் பாதிக்கு, வயிற்றைத் திறந்து கர்ப்பப்பையை முழுதாக எடுத்தோம் என்று அர்த்தம். இரண்டாம் பாதிக்கு, இரண்டு பக்கமும் கருக்குழாயையும் சினைப்பையையும் சேர்த்து எடுத்தோம் என்று அர்த்தம். சினைப்பை என்பதுதான் நாம் ஓவரி என்று சொல்வது.

நம்ம ஊரில் இரண்டையும் ஒன்றாகத்தான் பேசுகிறோம். "பையை எடுத்தாச்சு" என்றால் எல்லாம் முடிந்தது. ஆனால் உடலைப் பொறுத்தவரை இவை வேறு வேறு உறுப்புகள், வேலையும் வேறு. கர்ப்பப்பை குழந்தை வளரும் இடம். மாதவிடாய் ரத்தம் வருவதும் அதன் உட்சுவரிலிருந்துதான். அது ஹார்மோன்களுக்குக் கட்டுப்படும் உறுப்பு. ஈஸ்ட்ரோஜன், ப்ரோஜெஸ்டிரோன் இரண்டையும் தயாரிக்கும் தொழிற்சாலை சினைப்பை. பெண் உடலில் ஓடும் டெஸ்டோஸ்டிரோனில் கணிசமான பங்கும் அங்கிருந்துதான் வருகிறது.

ஆக, கர்ப்பப்பையை மட்டும் எடுத்து சினைப்பையை விட்டுவைத்தால் மாதவிடாய் நிற்கும், ஹார்மோன் ஓடிக்கொண்டிருக்கும். சினைப்பைகளையும் எடுத்துவிட்டால் ஒன்றிரண்டு நாளிலேயே ஈஸ்ட்ரோஜன் அளவு சரிந்துவிடும். இயற்கையான மெனோபாஸில் இந்த இறக்கம் பல வருடங்களில் கொஞ்சம் கொஞ்சமாக நடக்கும். அதற்குப் பிறகும் சினைப்பை கொஞ்சம் ஆண் ஹார்மோன்களைச் சுரந்துகொண்டிருக்கும், அதில் ஒரு பகுதியை உடல் ஈஸ்ட்ரோஜனாக மாற்றிக்கொள்ளும். அறுவை சிகிச்சையில் வரும் மெனோபாஸில் அந்தப் படிக்கட்டு கிடையாது. மாடியிலிருந்து நேரே குதிப்பதுதான்.

அக்காவுக்கு மூன்று வருடமாக இருந்தது இதுதான். வகுப்பில் நின்றுகொண்டிருக்கும்போதே உடம்பெல்லாம் தீப்பிடித்த மாதிரி ஒரு சூடு, வேர்த்துக் கொட்டும். ராத்திரி இரண்டு மணிக்கு விழிப்பு. மூட்டு வலி. சின்ன விஷயத்துக்கும் அழுகை. தைராய்டு டெஸ்ட் எடுத்தாள், சர்க்கரை பார்த்தாள், தூக்க மாத்திரைகூட சாப்பிட்டாள். ஆபரேஷனையும் இதையும் யாரும் முடிச்சுப் போட்டுப் பார்க்கவில்லை.

ஒரு ஹார்மோனா, இரண்டு ஹார்மோனா?

மாத்திரைச் சீட்டில் இருக்கும் பயமுறுத்தல்களைப் புரிந்துகொள்ளக் கொஞ்சம் வரலாறு தேவை.

1942-ல் அமெரிக்காவில் ப்ரெமரின் என்ற ஈஸ்ட்ரோஜன் மாத்திரை விற்பனைக்கு வந்தது. கர்ப்பமான பெண்குதிரைகளின் சிறுநீரிலிருந்து எடுத்தது. 1966-ல் ராபர்ட் வில்சன் என்ற நியூயார்க் மருத்துவர், மெனோபாஸ் என்பதே குணப்படுத்த வேண்டிய ஒரு குறைபாட்டு நோய் என்கிற ரீதியில் ஒரு புத்தகம் எழுதினார். விற்பனை எகிறியது. லட்சக்கணக்கான பெண்கள் ஈஸ்ட்ரோஜனை மட்டும் தனியாகச் சாப்பிட்டார்கள்.

1975 டிசம்பரில் ஒரே மருத்துவ இதழில், ஒரே வாரத்தில் இரண்டு ஆய்வுகள் வந்தன. தனி ஈஸ்ட்ரோஜன் சாப்பிட்டவர்களுக்குக் கர்ப்பப்பை உட்சுவரில் புற்றுநோய் பல மடங்கு அதிகம் என்று இரண்டுமே சொன்னன. காரணம் எளிது. ஈஸ்ட்ரோஜன் அந்த உட்சுவரை "வளர், வளர்" என்று தூண்டும். அதை "போதும், நிறுத்து" என்று அடக்குவது ப்ரோஜெஸ்டிரோன். மாத்திரையில் முதலாவது மட்டும் இருந்தது.

அதற்குப் பிறகுதான் ஈஸ்ட்ரோஜனோடு ப்ரோஜெஸ்டிரோன் வகை மருந்தையும் சேர்த்துக் கொடுக்கும் வழக்கம் வந்தது. இங்கே ஒரு நிமிடம் நின்று யோசியுங்கள். இரண்டாவது மருந்தைச் சேர்த்தது எதற்கு? கர்ப்பப்பை உட்சுவரைக் காப்பாற்ற. கர்ப்பப்பையே இல்லாதவருக்கு? அந்த இரண்டாவது மருந்து பொதுவாகத் தேவையே இல்லை. ஈஸ்ட்ரோஜன் மட்டும் போதும்.

விதிவிலக்கு உண்டு. எண்டோமெட்ரியோசிஸ் இருந்து, அந்தத் திசு வயிற்றில் வேறு இடங்களில் மிச்சம் இருந்தால், அல்லது கர்ப்பப்பையின் கழுத்துப் பகுதியை விட்டுவைத்து மேல் பகுதியை மட்டும் எடுத்திருந்தால், இரண்டாவது மருந்தும் வேண்டுமா என்று மருத்துவர் யோசிப்பார்.

இந்த "ஒன்றா இரண்டா" என்பது சின்ன விஷயம் மாதிரித் தெரியும். ஆனால் அடுத்து வரும் கதை முழுக்க இதில்தான் சிக்கியிருக்கிறது.

2002-ம் 2004-ம்

1990-களில் அமெரிக்க அரசு "விமன்ஸ் ஹெல்த் இனிஷியேட்டிவ்" என்று ஒரு மாபெரும் ஆய்வைத் தொடங்கியது. 50 முதல் 79 வயது வரையிலான பெண்கள். சீட்டுக் குலுக்கிப் போட்ட மாதிரி பாதிப் பேருக்கு நிஜ மாத்திரை, பாதிப் பேருக்கு வெற்று மாத்திரை. அதில் ஹார்மோனுக்கு இரண்டு தனித்தனி சோதனைகள் இருந்தன. பொது ஜனங்களுக்குத் தெரிந்தது ஒன்றுதான்.

முதல் சோதனை, கர்ப்பப்பை உள்ள 16,608 பெண்களுக்கு. ஈஸ்ட்ரோஜன் + ப்ரோஜெஸ்டின் கூட்டு மாத்திரை. 2002 ஜூலையில் இதைப் பாதியில் நிறுத்தினார்கள். வருடத்துக்கு 10,000 பெண்களில் மார்பகப் புற்றுநோய் வெற்று மாத்திரைக் குழுவில் 30 பேருக்கு, நிஜ மாத்திரைக் குழுவில் 38 பேருக்கு. இதய நோய் 30-லிருந்து 37. பக்கவாதம் 21-லிருந்து 29. உலகம் முழுக்கத் தலைப்புச் செய்தி. டாக்டர்கள் எழுதுவதை நிறுத்தினார்கள், பெண்கள் மாத்திரையைக் குப்பையில் போட்டார்கள்.

இரண்டாவது சோதனை, கர்ப்பப்பை அகற்றப்பட்ட 10,739 பெண்களுக்கு. ஈஸ்ட்ரோஜன் மட்டும். அதாவது நம்ம அக்கா சேரும் வரிசை. இது 2004-ல் நிறுத்தப்பட்டது. அதன் கணக்கு, அதே 10,000-க்கு ஒரு வருடத்தில்:

- மார்பகப் புற்றுநோய்: வெற்று மாத்திரையில் 33, ஈஸ்ட்ரோஜனில் 26.
- இதய நோய்: 54-க்கு 49. பெரிய வித்தியாசம் என்று சொல்ல முடியாது.
- பக்கவாதம்: 32-க்கு 44. இது நிஜமான அதிகரிப்பு. சோதனையை நிறுத்த முக்கியக் காரணமும் இதுதான்.
- இடுப்பெலும்பு முறிவு: 17-க்கு 11.

முதல் வரியை இன்னொரு தடவை படியுங்கள். மார்பகப் புற்றுநோய் கூடவில்லை, குறைந்த பக்கம்தான் இருக்கிறது. 2020-ல் வந்த இருபது வருடத் தொடர் கணக்கிலும் அதே திசைதான்: ஈஸ்ட்ரோஜன் மட்டும் எடுத்தவர்களில் மார்பகப் புற்றுநோய் வருவதும் அதனால் இறப்பதும் வெற்று மாத்திரைக் குழுவைவிடக் குறைவு.

அப்படியென்றால் அக்காவின் சீட்டில் ஏன் எல்லாம் ஒன்றாக இருந்தது? 2002-க்குப் பிறகு எச்சரிக்கை வாசகங்கள் ஹார்மோன் வகை முழுமைக்கும் பொதுவாகவே எழுதப்பட்டன. கூட்டு மாத்திரையின் முடிவு தனி மாத்திரையின் பெட்டிக்குள்ளும் நுழைந்துவிட்டது. ஒரு மாட்யூலில் வந்த பிழையைப் பார்த்துவிட்டு மொத்த சிஸ்டத்தையும் ஓரங்கட்டுவதை நான் ஆபீஸில் நிறையப் பார்த்திருக்கிறேன். இங்கேயும் அதேதான் நடந்திருக்கிறது. 2025 நவம்பரில்தான் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இந்தப் பெட்டி எச்சரிக்கைகளில் பலவற்றை நீக்கப்போவதாக அறிவித்தது. தனி ஈஸ்ட்ரோஜனுக்கான கர்ப்பப்பைப் புற்றுநோய் எச்சரிக்கையை மட்டும் விட்டுவைத்தார்கள். கர்ப்பப்பை உள்ளவர்களுக்கு அது நியாயமான எச்சரிக்கைதான்.

இன்னொரு முக்கியமான பொருத்தமின்மை: வயது

அந்த இரண்டு சோதனைகளிலும் பெண்களின் சராசரி வயது சுமார் 63. அதாவது மெனோபாஸ் வந்து பத்துப் பதினைந்து வருடம் கழித்து ஹார்மோனைப் புதிதாகத் தொடங்கியவர்கள் அதிகம். அக்காவைப் போல நாற்பதுகளில் ஹார்மோன் தொடங்கும் பெண் அந்தக் கூட்டத்திலேயே இல்லை.

63 வயதுக்காரருக்கு ஈஸ்ட்ரோஜன் கொடுப்பது, இயற்கை நிறுத்திய ஒன்றை மறுபடி சேர்ப்பது. 41 வயதுக்காரருக்குக் கொடுப்பது, இருந்திருக்க வேண்டிய ஒன்றை ஈடுகட்டுவது. தைராய்டை எடுத்தவருக்குத் தைராக்ஸின் கொடுப்பது மாதிரி. அவரிடம் போய் "மாத்திரை ரிஸ்க், சாப்பிடாதீங்க" என்று யாரும் சொல்வதில்லை.

ஈடுகட்டாமல் விட்டால் என்ன ஆகும்? அமெரிக்காவின் மேயோ கிளினிக் ஆய்வாளர்கள் 2006-ல் வெளியிட்ட ஆய்வில், 45 வயதுக்கு முன் இரண்டு சினைப்பைகளையும் இழந்த பெண்களில் இறப்பு விகிதம் கூடுதலாக இருந்தது. அந்தக் கூடுதல் பெரும்பாலும் 45 வயது வரை ஈஸ்ட்ரோஜன் எடுக்காதவர்களிடம் தெரிந்தது. அதே குழு மறுவருடம் வெளியிட்ட ஆய்வில் மறதி நோய்க்கும் தொடர்பு தெரிந்தது. 2009-ல் அமெரிக்க நர்ஸ்களை வைத்து வந்த இன்னொரு ஆய்வில், கர்ப்பப்பை எடுத்த 29,380 பெண்களை 24 வருடம் பின்தொடர்ந்தார்கள். சினைப்பையையும் சேர்த்து எடுத்தவர்களுக்கு மார்பக, சினைப்பைப் புற்றுநோய்கள் குறைவு. ஆனால் இதய நோயும் மொத்த இறப்பும் அதிகம்.

இவை குலுக்கல் முறைச் சோதனைகள் அல்ல, கவனித்துப் பார்த்த ஆய்வுகள். அதனால் காரண காரியத்தை முழுதாக நிரூபிக்காது. ஆனாலும் இவற்றையெல்லாம் பார்த்துத்தான் இன்றைய மருத்துவ வழிகாட்டுதல்கள் ஒரே குரலில் சொல்கின்றன: 45 வயதுக்கு முன் சினைப்பைகளை இழந்தவருக்கு, தடை ஏதும் இல்லையென்றால், இயற்கையாக மெனோபாஸ் வரும் சராசரி வயது வரையாவது ஈஸ்ட்ரோஜன் கொடுக்க வேண்டும். மேலை நாடுகளில் அந்த வயது 51 வாக்கில். இந்தியப் பெண்களுக்கு 46-47 வாக்கில். அதற்குப் பிறகு தொடரலாமா என்பதை ஆளைப் பார்த்து முடிவு செய்வார்கள்.

சினைப்பையை விட்டுவைத்திருந்தால்?

உடனே ஹார்மோன் தேவையில்லை. ஆனால் ஒரு சிக்கல் உண்டு. கர்ப்பப்பையை மட்டும் எடுத்தவர்களையும் எடுக்காதவர்களையும் நான்கு வருடம் ஒப்பிட்ட ஒரு அமெரிக்க ஆய்வு 2011-ல் வந்தது. சினைப்பை செயலிழந்தவர்கள் எடுத்த குழுவில் 14.8 சதவீதம், எடுக்காத குழுவில் 8 சதவீதம். அதாவது மெனோபாஸ் கொஞ்சம் முன்னாடியே வர வாய்ப்பு இருக்கிறது. மாதவிடாய்தான் ஏற்கெனவே நின்றுவிட்டதே, அது வந்ததை எப்படிக் கண்டுபிடிப்பது? உடல் சூடு, தூக்கமின்மை, வறட்சி மாதிரியான அறிகுறிகளைக் கவனிக்க வேண்டும். சந்தேகம் இருந்தால் எஃப்.எஸ்.ஹெச். என்ற ரத்தப் பரிசோதனை இருக்கிறது.

அப்போ ஆபத்தே இல்லையா?

இருக்கிறது. ஒரு பக்கத்தை மட்டும் சொன்னால் வில்சன் செய்ததையே நானும் செய்த மாதிரி ஆகிவிடும்.

பக்கவாதம் கூடியதை மேலே சொன்னேன். கால் ரத்தநாளங்களில் ரத்தக்கட்டு வருவதும் கூடியது. மார்பகப் புற்றுநோய் விஷயத்திலும் எல்லா ஆய்வுகளும் ஒத்துப்போகவில்லை. 2019-ல் லான்செட் இதழில் பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து ஒரு கட்டுரை வந்தது. 50 வயதில் தொடங்கி 5 வருடம் எடுத்தால், 50 முதல் 69 வயதுக்குள் மார்பகப் புற்றுநோய் வருபவர்கள் நூற்றுக்கு 6.3-லிருந்து, தினசரி கூட்டு மருந்தில் 8.3 ஆகவும், ஈஸ்ட்ரோஜன் மட்டும் எடுத்தால் 6.8 ஆகவும் கூடும் என்றது. குலுக்கல் சோதனை குறைவு என்கிறது, இந்தத் தொகுப்பு லேசாகக் கூடுதல் என்கிறது. இரண்டுக்கும் பொதுவானது, ஈஸ்ட்ரோஜன் தனியாக இருக்கும்போது ஆபத்து கூட்டு மருந்தைவிடக் குறைவு என்பது.

மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள், ரத்தக்கட்டு, பக்கவாதம், மாரடைப்பு வந்தவர்கள், தீவிர ஈரல் நோய் உள்ளவர்கள் ஆகியோருக்கு இது பொதுவாகக் கொடுப்பதில்லை. பி.ஆர்.சி.ஏ. மரபணு மாற்றம் உள்ள குடும்பங்களில் சினைப்பையை எடுப்பதே சரியான முடிவாக இருக்கலாம். அதற்குப் பிறகான ஹார்மோன் முடிவைச் சிறப்பு மருத்துவரிடம்தான் பேச வேண்டும்.

எந்த வழியாக உடலுக்குள் போகிறது என்பதும் முக்கியம். வாய்வழி மாத்திரை முதலில் ஈரலுக்குப் போகும். அங்கே ரத்தம் உறையும் பொருட்களின் உற்பத்தியைத் தூண்டும். தோலில் தடவும் ஜெல்லோ, ஒட்டும் பட்டையோ ஈரலைத் தாண்டி நேரே ரத்தத்தில் கலக்கும். 2019-ல் பிரிட்டனில் வந்த பெரிய ஆய்வில் தோல்வழி மருந்துக்கும் ரத்தக்கட்டுக்கும் தொடர்பு தெரியவில்லை. உடல் எடை அதிகம், ரத்த அழுத்தம் என்று இருப்பவர்களுக்கு மருத்துவர்கள் ஜெல்லை விரும்புவது இதனால்தான். ஜெல் தடவிய இடம் காய்ந்த பிறகுதான் உடை போட வேண்டும். அந்த இடம் குழந்தைகள் மேல் படக் கூடாது.

பிறப்புறுப்பு வறட்சி, அடிக்கடி சிறுநீர்த் தொற்று என்று மட்டும் இருந்தால், அந்த இடத்தில் மட்டும் தடவும் ஈஸ்ட்ரோஜன் க்ரீம் போதும். ரத்தத்தில் கலக்கும் அளவு மிகக் குறைவு. எலும்புக்கும் உடல் சூட்டுக்கும் அது உதவாது.

நம் நாட்டில் இது ஏன் பெரிய கேள்வி

2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு மூன்று பேருக்கு மேல் கர்ப்பப்பை எடுத்தவர்கள். ஆந்திராவிலும் தெலங்கானாவிலும் இது இரண்டு மடங்குக்கும் மேல். அவர்களில் பாதிப் பேருக்கு 35 வயதுக்குள்ளேயே ஆபரேஷன் முடிந்துவிட்டது. 49 வயது வரை மட்டுமே கணக்கெடுப்பதால் இந்த வயது கொஞ்சம் குறைவாகத் தெரியலாம், ஆனாலும் அதிர்ச்சிதான். மகாராஷ்டிராவின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டப் போகும் பெண்கள் வேலைநாள் போகக் கூடாது என்று இளவயதிலேயே கர்ப்பப்பையை எடுத்துக்கொள்ளும் செய்தி 2019-ல் பெரிதாக வந்தது. பீகார், சத்தீஸ்கர், ராஜஸ்தானில் தேவையில்லாமல் செய்த அறுவை சிகிச்சைகள் பற்றிய பொதுநல வழக்கில், 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் மத்திய அரசின் வழிகாட்டுதல்களை மாநிலங்கள் மூன்று மாதத்துக்குள் ஏற்க வேண்டும் என்று உத்தரவிட்டது.

அறுவை சிகிச்சை தேவையா என்ற கேள்வி இப்போதுதான் மேலே வந்திருக்கிறது. "எடுத்த பிறகு அந்தப் பெண்ணுக்கு என்ன கொடுத்தீர்கள்?" என்ற கேள்வி இன்னும் வரவில்லை.

அக்கா என்ன செய்தாள்

நான் முடிவு சொல்லவில்லை. ஐந்து கேள்விகளை ஒரு காகிதத்தில் எழுதி அனுப்பினேன்:

1. எனக்கு இரண்டு சினைப்பையும் இல்லை. 44 வயதுக்கு ஈஸ்ட்ரோஜன் தொடங்குவதில் எனக்குத் தடை ஏதாவது இருக்கா?
2. ஈஸ்ட்ரோஜன் மட்டும் போதுமா? பயாப்சியில் எண்டோமெட்ரியோசிஸ் இருந்ததா?
3. மாத்திரையா, ஜெல்லா?
4. எலும்பு அடர்த்தி ஸ்கேன் இப்போதே எடுக்கணுமா?
5. எத்தனை வயது வரை, எப்போது திரும்பப் பார்க்கணும்?

டாக்டரம்மா காகிதத்தை வாங்கிப் படித்துவிட்டு, முதல் தடவையாக இருபது நிமிடம் உட்கார்ந்து பேசினார்களாம். ரத்த அழுத்தம் கொஞ்சம் கூடுதல் என்பதால் மாத்திரைக்குப் பதில் ஜெல். மேமோகிராம் எடுத்தார்கள், சரியாக இருந்தது. எலும்பு ஸ்கேனில் முதுகெலும்பு மைனஸ் 1.9. எலும்புப்புரை இல்லை, அதற்கு முந்தைய படி. மூன்று வருடம் சும்மா விட்டதற்கு உடம்பு எழுதி வைத்த கணக்கு அது. கால்சியம், வைட்டமின் டி, தினமும் நடை.

நேற்று பேசினாள். வகுப்பில் வேர்ப்பது குறைந்திருக்கிறதாம், ராத்திரி நாலு மணி வரை தூக்கம் வருகிறதாம். "மூணு வருஷமா எனக்கு மூளைதான் ஏதோ ஆயிடுச்சுன்னு நெனச்சேன்டா" என்றாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அவள் வீட்டு பீரோவில் அந்த டிஸ்சார்ஜ் சம்மரி மூன்று வருடமாக இருந்தது. ஒரே வரிதான். அதை யாராவது அவளுக்குத் தமிழில் சொல்லியிருந்தால் போதும்.

உங்கள் வீட்டில் அம்மா, அக்கா, அண்ணி, மனைவி யாருக்காவது பையை எடுத்திருந்தால், இன்றைக்கே அந்தக் காகிதத்தைத் தேடி எடுங்கள். பி.எஸ்.ஓ. என்று எழுதியிருக்கிறதா, எடுக்கும்போது என்ன வயது என்று பாருங்கள். இந்த இரண்டும் தெரிந்தால் டாக்டரிடம் என்ன கேட்க வேண்டும் என்பது தானாக வந்துவிடும்.